புள்ளடி போட்டாச்சு... இனி?

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கக் கூடாது, சரியா?

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. பாராளுமன்றத் தேர்தல். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபம். சுவரில் சின்னப் பிள்ளைகள் கீறிய படங்கள். மேசைமேல் மட்டைத் தடுப்பு. பாய் மாதிரி நீளமான வாக்குச்சீட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். பிறகு திசைகாட்டிக்கு நேரே புள்ளடி போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. கம்பஸ் இறுதிப் பரீட்சையில்கூட அப்படி நடுங்கவில்லை!

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிக்கிறா.

"ஆருக்குப் பிள்ளை போட்டனீ?"

"அது இரகசிய வாக்கெடுப்பு அம்மா."

குடியியல் பாடத்தில் படித்தது அன்றைக்குத்தான் எனக்கு உதவியது.

அடுத்த நாள் முடிவுகள் வந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்கு! அம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வானொலியைப் பார்த்தா. "இதென்ன கோதாரி! எங்கட சனத்துக்கு விசரே?" என்றா. அந்த விசர்ச் சனத்தில் ஒருத்தி குசினிக்குள் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களில் கனபேர் இப்போதுதான் முதல் வாக்குப் போட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் போடப் போகிறீர்கள். புதிதாக வந்தவரை நம்புவதா, விடுவதா என்ற பட்டிமன்றம் உங்கள் ஹொஸ்டல் அறைகளிலும் இரவிரவாக நடந்திருக்கும். நான் நம்பாத ஆள். ஆனாலும் போட்டேன். ஏன் போட்டேன், போட்ட பிறகு ஏன் நித்திரை வரவில்லை என்பதுதான் கதை.

எங்கள் வீட்டுத் தேர்தல் சரித்திரத்தில் இருந்து தொடங்குவோம். அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், ஜனாதிபதித் தேர்தலில் இதுவரை ஆருக்கெல்லாம் போட்டீங்கள் என்று.

2005 இல் போகவே இல்லை. அந்த முறை வடக்கில் புலிகளின் பகிஷ்கரிப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 100 வாக்காளருக்கு 2 பேர்கூடப் போகவில்லை. 2010 ஜனவரியில் போர் முடிந்து 8 மாதம். போர்க்கால ஜனாதிபதி ஒரு பக்கம், போர்க்கால இராணுவத் தளபதி மறுபக்கம். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் தளபதிக்குத்தான் போட்டார்கள். அம்மாவும்தான்! "மகிந்த போகட்டும் எண்டு போட்டனான்." 2015 இல் மைத்திரிபால. "அதே காரணம்தான்." 2019 இல் சஜித். "கோட்டா வரக்கூடாதெண்டு." அது நானும் போட்ட முதல் வாக்கு. காரணமும் அதே காரணம்.

கவனிச்சீங்களா? இவ்வளவு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவருக்காக வாக்குப் போட்டதில்லை. எல்லாம் ஒருவருக்கு எதிராகத்தான். உங்கள் வீட்டிலும் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ, பெரும்பாலும் இதே பதில்தான் வரும். இதில் ஒரு வசதி இருக்கிறது. வென்றவர் ஏமாற்றினால் நெஞ்சு நோகாது. முதலிலேயே நம்பவில்லையே!

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலிலும் நான் அநுர குமார திசாநாயக்கவுக்குப் போடவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 27,000 வாக்குகள்தான், 7 வீதம் சொச்சம். நாடு முழுக்க 42.31 வீதம். ஒருவருக்கும் 50 வீதம் வராததால் இலங்கையின் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணித்தான் அவரை ஜனாதிபதியாக அறிவித்தார்கள். 2019 இல் வெறும் 3 வீதம் எடுத்த மனிதர்! ரிப்பீட் எழுதி ஃபெர்ஸ்ட் கிளாஸ் எடுத்த கதை மாதிரி.

இரண்டு மாதம் கூட இல்லை. நவம்பரில் அதே யாழ்ப்பாணத்தில் அவருடைய கட்சிக்கு 80,000 க்கு மேல். அந்த வித்தியாசத்துக்குள் நானும் இருக்கிறேன். அப்படி என்ன நடந்தது?

அதற்கு உங்களைப் பேராதனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

2022 மார்ச் கடைசி. ஞாபகம் இருக்கா? ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. ஹொஸ்டல் அறையில் மெழுகுதிரி ஒன்று, அதுவும் பாதி. என் அறைத்தோழி காலிக்காரி. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் காற்பங்கு, மிச்சத்துக்கு ஆங்கிலம். படிக்க முடியாத இருட்டில் கதைக்கத்தானே வேணும்?

அன்றைக்கு அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பழைய படத்தைப் போனால் எடுத்த படம். கறுப்பு வெள்ளையில் ஒரு பெடியன், எண்ணெய் வைத்து இழுத்த தலை. "மாமா" என்றாள். அவளுடைய அம்மாவின் தம்பி. 1989 இல் ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. அவருக்கு 21 வயது. வீட்டில் அவரைப் பற்றிக் கதைப்பதே இல்லையாம். ஆனால் ஆச்சி சாகும்வரை இரவில் முன்கதவைப் பூட்ட விடவில்லையாம்.

நான் என் போனை எடுத்தேன். என்னிடமும் ஒரு படம் இருந்தது. கலர்ப் படம். என் அம்மாவின் தம்பி. 2009 இல் வன்னியில் காணாமல் போனவர். என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றித் திரிந்தவர். "மாமா" என்றேன்.

சிங்களத்திலும் மாமாதான், தமிழிலும் மாமாதான். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

நீங்கள் நினைப்பீர்கள், இதுக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று. இருக்கிறது. தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு ஜே.வி.பி. 1971 இலும் 1987 முதல் 1989 வரையும் ஆயுதம் தூக்கிய கட்சி. அந்த இரண்டாவது முறை தெற்கில் பல்லாயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களின் தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பரில் கொல்லப்பட்டார். ஜே.வி.பி.யும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கொன்றவர்களின் பட்டியலும் நீளம். தோழியின் ஆச்சிக்கு இரவில் இரண்டு பக்கத்திலும் பயமாம். அதனால் 2024 செப்டம்பரில் தோழி அநுரவுக்குப் போட்டாள், அவளுடைய அம்மா போடவில்லை. ஒரே வீட்டில் ஒரே மாமா, இரண்டு வாக்கு!

என் நம்பிக்கை இங்கேதான் முளைத்தது. இந்த நாட்டில் முதல் தடவையாக, ஆட்களைத் தேடித் திரிந்த குடும்பங்களில் இருந்து வளர்ந்த ஒரு கட்சி ஆட்சிக்கு வந்திருக்கிறது. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு விளங்கும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் வீதியில் குந்தினார்களே, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று இவர்களுக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இப்படித்தான் நினைத்தேன். இப்படி நினைத்துத்தான் புள்ளடி போட்டேன்.

இனி மறுபக்கம்.

2005 இல் சுனாமி உதவியைப் பகிர்வதற்காக அரசும் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்புக்கு இணங்கியபோது, அதை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறியது இதே ஜே.வி.பி.தான். அப்போது விவசாய அமைச்சராக இருந்து பதவி விலகியவர்களில் ஒருவர் அநுர. அதே வருடம் மகிந்தவை ஜனாதிபதியாக்க உழைத்தார்கள். வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு 2006 இல் வென்றார்கள். போரை ஆதரித்தார்கள். இதெல்லாம் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மனப்பாடம். "உவையின்ர பழைய கொப்பியைப் பாத்தனீயே பிள்ளை?" என்று கேட்பா. பார்த்தேன் அம்மா. பார்த்துவிட்டுத்தான் பயப்படுகிறேன்.

இன்னொரு கதை. இது உங்களில் கனபேருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1990 இல் தெற்கில் காணாமல் போனவர்களின் தாய்மாருக்காக நின்ற ஒரு இளம் எம்.பி. இருந்தார். அந்தத் தாய்மாரின் விபரங்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸார் அவற்றைப் பறித்தார்கள். அந்த எம்.பி.யின் பெயர் மகிந்த ராஜபக்ச! ஓம், அவரேதான். 15 வருடத்தில் அவர் ஜனாதிபதி. அதன் பிறகு வடக்கில் தாய்மார் எதற்காக யாரிடம் கேட்டுத் திரிந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, வலி தெரிந்தவர் எல்லாரும் மருந்து தருவார் என்று ஒரு நியதியும் இல்லை. கதிரையில் இருந்து பார்க்கும்போது அதே படம் வேறு மாதிரித் தெரியும் போல.

அதுக்குள் 225 இல் 159 ஆசனம் வேறு. மூன்றில் இரண்டுக்கு மேல்! எனக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட வந்தது. 1977 இல் ஜே.ஆர். ஜெயவர்தனவின் கட்சிக்கு 168 இல் 140. அடுத்த வருடமே புது அரசியலமைப்பு, நிறைவேற்று ஜனாதிபதி முறை. 1982 இல் ஒரு சர்வசன வாக்கெடுப்பு, அதோடு அதே பாராளுமன்றத்துக்கு இன்னொரு 6 வருடம்! 2020 இல் ராஜபக்சக்கள் மூன்றில் இரண்டு எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நாங்கள் மெழுகுதிரிக்கு வந்தோம். இந்த நாட்டில் பெரிய வெற்றிகள் நல்லபடி முடிந்த கதை குறைவு.

சரி, என்ன செய்யலாம்? நித்திரை வராத ஒரு இரவு நான் ஒரு சீஆர் கொப்பி எடுத்தேன். கம்பஸில் மிஞ்சிய கொப்பி, பின்பக்கம் முழுக்க வெறுமை. மூன்று கோடு கீறினேன். செய்தது, செய்யாதது, பார்ப்பம். ரியூசனில் பிள்ளைகளுக்கு மாக்ஸ் போடுகிற எனக்கு இது கைவந்த கலைதானே!

முதல் வருடக் கணக்கில் சிலதைச் சொல்கிறேன்.

"செய்தது" பக்கம். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடி. 2025 செப்டம்பரில் வேலையும் தொடங்கியது. கலாநிதிப் பட்டம் பற்றிக் கேள்வி எழுந்ததும் அவர்களின் சபாநாயகர் 2024 டிசம்பரில் பதவி விலகினார். சேட்டிபிக்கற்றைக் காட்டு என்று கேட்டால் கதிரையை விடுகிற பழக்கம் எங்கள் நாட்டுக்குப் புதுசு. அதனால் அதையும் இந்தப் பக்கமே எழுதினேன்.

"செய்யாதது" பக்கம். பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979 இல் தற்காலிகம் என்று சொல்லி வந்தது. நீக்குவோம் என்றார்கள். 2025 செப்டம்பரில் ஒரு வருடம் நிறைந்தபோது அது அப்படியே இருந்தது. வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல். சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்றார்கள். அந்த ஒரு வருடமும் போனது, தேர்தல் வரவில்லை.

"பார்ப்பம்" பக்கம்தான் நீளம். புது அரசியலமைப்பு அங்கே இருக்கிறது. செம்மணியும் அங்கேதான். 2025 இல் அங்கே நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டினார்கள். செப்டம்பருக்குள் 200 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். சின்னப் பிள்ளைகளுடையதும். தோண்ட விட்டது சரி. யார், எப்போது, யார் செய்தது என்று கடைசிவரை போவார்களா? அந்த நாட்களில் அம்மா செய்தி போகும்போது எழும்பிப் போய்விடுவா. "அது எங்கட ஆளில்லை. எண்டாலும் ஆரோ ஒரு தாயின்ர பிள்ளைதானே."

ஒரு விசயத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் குழப்பம். 2025 மார்ச் 28 ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், கோராவிட்டால் அரச காணி என்று. போரில் உறுதி தொலைத்தவன், வெளிநாட்டுக்கு ஓடினவன், செத்துப்போனவன் எங்கே வந்து கோருவது? சத்தம் எழும்பியது. எம்.பி.க்கள் கேட்டார்கள், சட்டத்தரணிகள் கேட்டார்கள், சனம் கேட்டது, வழக்கும் போனது. அரசாங்கம் அந்த வர்த்தமானியை மீளப் பெற்றது.

போட்டது பிழை. எடுத்தது சரி. ஆனால் கேட்டதால்தான் எடுத்தார்கள். இதை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கொப்பியில் நான் அவர்களுக்கு மட்டும் மாக்ஸ் போட்டால் போதாது. எனக்கும் ஒரு பக்கம் வேணும். நான் கேட்டேனா? எத்தனை தரம் கேட்டேன்? அந்த வர்த்தமானிக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்த மூன்று வயதானவர்களுக்கு அதை வாசித்து விளங்கப்படுத்தினேன். அவ்வளவுதான் என் மாக்ஸ். பாஸ் மார்க்கே வராது!

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் தமிழரசுக் கட்சி திரும்பவும் முன்னுக்கு வந்தது. "பாத்தியே, சனம் மாறீட்டுது" என்று அம்மாவுக்குச் சிரிப்பு. சனம் மாறவில்லை அம்மா, மாக்ஸ் போட்டிருக்கு. ஆறே மாதத்தில் திருத்தி விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கு.

நண்பர்களே, நம்பாமல் இருப்பது ஒன்று, சந்தேகப்படுவது இன்னொன்று. நம்பாத ஆள் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார். "எல்லாம் கள்ளர்தான் மச்சான்" என்று சொல்வது சுகமான வேலை. அதுக்குப் பிறகு ஒன்றும் செய்யத் தேவையில்லை பாருங்கோ! சந்தேகப்படுகிற ஆளுக்கு வேலை கூட. வாசிக்க வேணும், திகதி குறிக்க வேணும், கேட்க வேணும், நல்லது செய்தால் நல்லது என்று ஒத்துக்கொள்ளவும் வேணும். கடைசி வேலைதான் எங்களுக்கு ஆகக் கஷ்டம்.

கடைசியாக ஒன்று. 2025 ஏப்ரலில் வசாவிளானுக்கும் பலாலிக்கும் இடையில் மூடியிருந்த வீதியைத் திறந்தார்கள். 1990 க்குப் பிறகு முதல் தடவையாக. அம்மா அந்தப் பக்கத்து ஆள். 20 வயதில் இடம்பெயர்ந்து வந்தவ. "ஒருக்காப் போய்ப் பாப்பமே" என்று அம்மாவே கேட்டா.

காலையில் இருந்து மாலை வரைதான் அனுமதி. இடையில் நிறுத்தக் கூடாது, இறங்கி நடக்கக் கூடாது, படமெடுக்கக் கூடாது. அப்படித்தான் திறந்தார்கள். பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தா. வெளியே பற்றை, இடிந்த சுவர், இடைக்கிடை பனை. ஒரு இடம் வந்ததும் அம்மா எழும்பிவிட்டா. இறங்குகிற ஆள் எழும்புகிற மாதிரி. பஸ் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது. அம்மா மெல்லத் திரும்ப இருந்தா.

பலாலிச் சந்தி வரும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டா.

"நீ உவைக்குத்தானே போட்டனீ?"

இரகசிய வாக்கெடுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அம்மா" என்றேன்.

அம்மா ஏசவில்லை. வெளியே பார்த்தபடியே சொன்னா:

"அப்ப நீயே கேள், எப்ப இறங்க விடுவினம் எண்டு."

அந்தக் கேள்வியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது?